சிஸ்டர்கள் போன பிறகு வந்த ஆசிரியர்கள்

கத்தோலிக்கப் பள்ளி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளை உடுப்பில் வகுப்பறை வாசலில் நிற்கும் ஒரு சிஸ்டர்தான். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1950-ல் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் கன்னியர்கள், குருக்கள், துறவறச் சகோதரர்கள். 1970-ல் இது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்போது மிகச் சிலரே. அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர்கள் குடும்பமும் வீட்டு வாடகையும் உள்ள சாதாரண ஆசிரியர்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19-ம் நூற்றாண்டு அமெரிக்க அரசுப் பள்ளிகள் பெயருக்குத்தான் பொதுப்பள்ளிகள். அங்கே வாசிக்கப்பட்டது புராட்டஸ்டன்ட் பைபிள். அதனால் 1884-ல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு பங்கிலும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பள்ளி கட்டவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கட்டிடம் சரி, சம்பளம்? அங்கேதான் கன்னியர்கள் வந்தார்கள். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே மடம், சபைக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். ஒரு வகுப்பில் 50, 60 பிள்ளைகள் இருப்பது சாதாரணம். 1960-களின் நடுவில் சுமார் 13,000 பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள் என்றால், அதன் அடியில் இருந்தது கன்னியர்களின் ஏறக்குறைய இலவச உழைப்பு. இதை அன்று யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை!

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு ஏராளமான கன்னியர்கள் சபைகளை விட்டு வெளியேறினார்கள். புதிதாகச் சேர்பவர்களும் குறைந்தார்கள். வெளி ஆசிரியர்களை நியமித்தால் சம்பளம் தரவேண்டும். சம்பளம் தந்தால் கட்டணம் ஏறும், ஏறினால் பிள்ளைகள் குறைவார்கள். பல பள்ளிகள் மூடப்பட்டன. மூடப்படாத பள்ளிகளிலும், எதிர்த்தெருவில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியரை விடக் குறைந்த சம்பளம் என்பதே வழக்கமாகிப் போனது.

அரசு உதவலாமே என்று நமக்குத் தோன்றும். தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரசுதான் சம்பளம் தருகிறது. ரோட் ஐலண்ட் மாநிலமும் 1969-ல் இதில் கொஞ்சம் செய்து பார்த்தது. மதப்பாடம் எடுக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளத்தில் 15 விழுக்காடு வரை கூடுதலாகத் தரலாம் என்றது சட்டம். சுமார் 250 பேர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேரும் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. இந்த ஆசிரியர்கள் ஏமாற்றுவார்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நல்ல மனதோடு இருந்தாலும் அந்தச் சூழலில் பாடத்தையும் மதத்தையும் பிரிப்பது கடினம், பிரிக்கிறார்களா என்று அரசு எப்போதும் கண்காணிக்க வேண்டிவரும், அந்தக் கண்காணிப்பே தவறு என்றது. கணக்கு வாத்தியாரானாலும் அவர் வேலையில் மதம் கலந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அடுத்த அடியும் இதே காரணத்தால்தான் விழுந்தது. சிகாகோவிலும் இண்டியானாவிலும் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் சங்கம் அமைத்தார்கள். தேசிய தொழிலாளர் உறவு வாரியம் அதை அங்கீகரித்து, நிர்வாகங்களைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்னது. ஆயர்கள் வழக்குக்குப் போனார்கள். 1979-ல், 5-க்கு 4 என்ற கணக்கில், தேவாலயப் பள்ளி ஆசிரியர்கள் மீது வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. தொழிலாளர் சங்கம் சேர்வது உரிமை என்று 1891-லேயே சுற்றுமடல் எழுதியவர் திருத்தந்தை 13-ம் லியோ. திருச்சபை நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 1986-ல் அமெரிக்க ஆயர்களே எழுதினார்கள். எழுத்து ஒருபுறம், வழக்கு ஒருபுறம். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பிலடெல்பியாவில் ஆசிரியர் சங்கம் நிலைத்து நின்றது. 2011-ல் வேலைநிறுத்தம்கூட நடந்தது.

அப்படியானால் ஏன் வருகிறார்கள்? தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்பது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணத்தை பிரைக், லீ, ஹாலண்ட் ஆகிய மூவர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் பார்க்கலாம். அவர்கள் பார்த்த கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிகள் சிறியவை. ஏழைப் பிள்ளைக்கு ஒரு பாடம், வசதியான பிள்ளைக்கு ஒரு பாடம் என்று அதிகம் பிரிப்பதில்லை. காலையில் வரலாறு நடத்தியவரே மாலையில் கூடைப்பந்து பயிற்சி தருவார், வீட்டில் பிரச்சினை என்று வரும் பையனோடும் உட்கார்ந்து பேசுவார். பெருநகரங்களில் கத்தோலிக்கர் அல்லாத கறுப்பினப் பிள்ளைகள் பலர் இப்பள்ளிகளில் படித்தார்கள். தான் நடத்துவது யாருக்கோ பயன்படுகிறது என்பதை ஆசிரியர் தினமும் கண்ணால் பார்க்க முடிந்தது. பெரிய அரசுப் பள்ளியின் கூட்டத்தில் இது எளிதில் கிடைக்காது. சம்பளக் குறைவைத் தெரிந்தே பலர் தங்கியதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த நெருக்கமே சட்டத்தின் கண்ணில் வேறொன்றாகத் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எல்லாப் பாடங்களோடு மறைக்கல்வியும் நடத்தி வந்தார். மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு விடுப்பு வேண்டும் என்று பள்ளியிடம் சொன்னார். பிறகு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நோய்தான் காரணம் என்றார் அவர். வகுப்பைச் சரியாக நடத்தவில்லை என்றது பள்ளி. இதுவும், வயதைக் காட்டி நீக்கப்பட்டதாகச் சொன்ன இன்னொரு ஆசிரியையின் வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. 2020 ஜூலையில் 7-க்கு 2 என்று தீர்ப்பு: விசுவாசத்தைக் கற்பிப்பவர்கள் என்பதால் இவர்கள் மறைப்பணியாளர்களுக்குச் சமம், பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களின் கீழ் இவர்கள் வழக்காட முடியாது. யார் சொன்னது உண்மை என்ற விசாரணையே நடக்கவில்லை. அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியை தீர்ப்பைப் பார்க்கவும் இல்லை. 2019-லேயே இறந்துவிட்டார்; அவருடைய கணவர்தான் வழக்கைக் கடைசிவரை நடத்தினார்.