கடல் கடக்கவே விளையும் வெங்காயம்

சிராங்கூன் சாலையில் சாம்பார் கொதிக்கிறது. கேலாங் சிராயில் சம்பலுக்கு மசாலா அரைபடுகிறது. சைனாடவுனில் கஞ்சியின் மேல் பொரித்த வெங்காயம் தூவப்படுகிறது. மூன்று அடுப்புக்கும் பொதுவான பொருள் ஒன்றுதான்: சின்ன வெங்காயம். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூருக்கு அது வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது வரும் வழி எத்தனை முறை அடைபட்டது என்பது பலருக்குத் தெரியாத கதை.

பெயரில் இருக்கும் பாதை

வெங்காயத்தின் தாயகம் மத்திய ஆசியா என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. பழைய எகிப்தில் அதற்குத் தனி மரியாதை இருந்தது. மன்னன் நான்காம் ராம்செஸின் பதப்படுத்தப்பட்ட உடலில் கண் குழிகளில் வெங்காயம் வைக்கப்பட்டிருந்தது. பிரமிடு கட்டிய தொழிலாளர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிய செலவு கல்லில் எழுதப்பட்டிருந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்து வைத்தார்.

தமிழர் நாவில் வெங்காயத்தின் பெயரே அது வந்த வழியைச் சொல்லும். பெல்லாரிப் பக்கமிருந்து வந்த பெரிய வெங்காயம் தென் தமிழகத்தில் 'பல்லாரி' ஆனது. இலங்கையில் அதுவே 'பம்பாய் வெங்காயம்'. சிங்கப்பூர்ச் சந்தையிலோ மலாய்ப் பெயர்களும் சேர்ந்துகொண்டன: சின்னது 'பாவாங் மேரா', பெரியது 'பாவாங் பெசார்'.

1915-ல் அமைந்த கண்டாங் கெர்பாவ் சந்தை 1982-ல் எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாறியது. 2000-ல் தேக்கா நிலையம் என்ற பெயர் பெற்றது. கட்டடமும் பெயரும் மாறினாலும் வெங்காயக் கூடை அப்படியே இருக்கிறது. விரத நாளில் இந்துக்கள் பலர் அதை ஒதுக்குவார்கள். சீனப் பௌத்தர்களின் சைவச் சமையலிலும் அதற்கு இடமில்லை.

மூன்று தடைகள்

இங்கு விற்கும் சின்ன வெங்காயத்தில் 'ரோஸ்' என்றொரு வகை உண்டு. கர்நாடகத்தின் கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரக மாவட்டங்களில் விளைவது. 2015-ல் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூரில் இதை உண்போர் குறைவு. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளை நம்பியே விவசாயிகள் பயிரிடுகிறார்கள்.

ஆனால் இந்தியாவில் வெங்காய விலை அரசியலையே புரட்டிப்போடும். 1998-ல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் பாரதிய ஜனதா தோற்றபோது, வெங்காய விலைதான் பெரிய காரணமாகப் பேசப்பட்டது. அதனால் விலை ஏறினால் அரசு ஏற்றுமதியை நிறுத்திவிடும்.

2019 செப்டம்பர் 29-ல் தடை வந்தது. ஒரு மாதம் கழித்து 9,000 டன் ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும், அதுவும் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும், அனுமதி கிடைத்தது. 2020 செப்டம்பர் 14-ல் மீண்டும் தடை. அக்டோபரில் ரோஸ், ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் ஆகிய இரு வகைகளுக்கும் தலா 10,000 டன் அனுமதி. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு வரி, டிசம்பர் 8-ல் முழுத் தடை. அது 2024 மே மாதம்தான் விலகியது. எஞ்சியிருந்த ஏற்றுமதி வரியும் 2025 ஏப்ரல் 1-ல் நீங்கியது.

சொந்த மக்களுக்கு வெங்காயம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று ஓர் அரசு நினைப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளூரில் அதிகம் விற்காத வெங்காயத்தை நிறுத்தினால் யாருக்கு விலை இறங்கும்? கோலார் விவசாயிக்கு வாங்க ஆளில்லை, தேக்காவில் வாங்குபவருக்குப் பொருள் இல்லை. தடை போட்டபின் தாமதமாக விலக்கு தருவதைவிட, ரோஸ் வெங்காயத்துக்கு விதைக்கும் முன்பே தனி விதி இருப்பதுதான் நியாயம்.

சத்து எவ்வளவு?

தட்டுப்பாட்டில் ஹாலந்து, சீன வெங்காயம் கைகொடுக்கும். சத்தில் பெரிய குறை வராது. சமைக்காத வெங்காயம் 100 கிராமில் சுமார் 89 விழுக்காடு நீர். ஏறத்தாழ 40 கலோரி, 7 மில்லிகிராம் வைட்டமின் சி, 1.7 கிராம் நார்ச்சத்து. குவெர்செட்டின் என்ற நற்பொருள் வெளி அடுக்குகளில் அதிகம். சருகை மட்டும் மெல்ல உரிப்பது நல்லது. எண்ணெயில் பொரித்தால் கலோரி பல மடங்கு ஏறும். நறுக்கும்போது வரும் கண்ணீருக்குக் காரணமான தனி நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டறிந்தார்கள்.

ருசி மட்டும் ஈடாகாது. சாம்பாரில் முழுதாக மிதக்கும் சின்ன வெங்காயத்தின் இடத்தைப் பெரிய வெங்காயத் துண்டு நிரப்புமா? அடுத்த முறை தேக்காவில் விலை ஏறினால் கடைக்காரரைக் கோபிக்கும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அந்த விலையில் பாதி கோலார் வயலிலும், மீதி டெல்லியில் ஓர் அரசாணையிலும் எழுதப்பட்டது.