வலுவாக வினைபுரியும் கரும்பொருள் துகள்கள்

சாதாரண அணுக்கருக்களோடு அடிக்கடி மோதக்கூடியவை எனக் கருதப்படும் கற்பிதக் கரும்பொருள் துகள்கள், சுருக்கமாகச் ‘சிம்ப்’. இதுவரை எதுவும் கண்டறியப்படவில்லை. பிரபஞ்சப் பருப்பொருளில் ஏறத்தாழ 85 விழுக்காடு கரும்பொருள். அது மிக அரிதாகவே மோதும் ‘விம்ப்’ துகள்களால் ஆனது என்ற எண்ணமே நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 1990இல் ஸ்டார்க்மன், கூல்ட், எஸ்மாயில்சாதே, டிமோபூலோஸ் ஆகிய இயற்பியலாளர்கள் சிம்ப் என்ற மாற்று வாய்ப்பை விரிவாக ஆராய்ந்தனர்.

இத்துகள்களைத் தேடுவதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. விம்ப் தேடும் கருவிகள், விண்கதிர்களைத் தவிர்ப்பதற்காக ஆழ்சுரங்கங்களில் வைக்கப்படுகின்றன. இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் பாறை இருக்கிறது. சிம்ப் துகளோ வளிமண்டலத்திலும் பாறையிலும் மோதி மோதி ஆற்றலை இழந்துவிடும். கருவியை எட்டினாலும் அதில் பதிவாகும் வலு அதற்கு இராது. ஆகவே தேடல் மேல்நோக்கித் திரும்பியது. விண்வெளி எக்ஸ் கதிர்களை அளக்க 1999இல் ராக்கெட்டில் ஏவப்பட்ட எக்ஸ்.கியூ.சி. கருவி வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடங்களே இருந்தது. அந்தக் குறுகிய நேரத் தரவுகளே சிம்ப் கோட்பாட்டுக்குக் கடும் வரம்புகளை விதித்தன.

இன்னும் அழகான வாதம் பூமியிலிருந்தே கிடைத்தது. 2007இல் மேக், பீகம், பெர்டோனே ஆகிய இயற்பியலாளர்கள் காட்டியது இது: பூமியில் சிக்கும் சிம்ப் துகள்கள் மையத்தில் திரண்டு ஒன்றையொன்று அழித்தால், பூமி வெளியிடும் சுமார் 44 டெராவாட் வெப்பத்தை விஞ்சிய வெப்பம் எழ வேண்டும். அப்படி எழவில்லை. ஆனால், தம்முள் அழியாத துகள்களை இவ்வாதம் கட்டுப்படுத்தாது.

2014 முதல் இதே பெயர், தமக்குள் மட்டும் வலுவாக வினைபுரியும் வேறொரு வகைத் துகளுக்கும் வழங்கப்படுகிறது.