அங்குலத்துக்கு 26 மரை

சைக்கிள் கடைகளில் இரும்புக் குண்டுக்குப் பெயர் 'பால்ரஸ்'. பள்ளிக்கூட நாட்களில் அதை ரெண்டு கைநிறையச் சேர்த்து வைத்து கோலி ஆடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். ஆங்கிலத்தில் 'பால் ரேஸ்' என்றால் குண்டு அல்ல, குண்டு ஓடும் தடம். தமிழுக்கு வரும் வழியில் தடத்தின் பெயர் குண்டுக்குப் போய்விட்டது. அதில் தப்பொன்றுமில்லை, கையில் கிடைத்தது குண்டுதானே. தடம் சைக்கிளுக்குள்ளேயே இருந்துவிட்டது, அதை மெக்கானிக்கைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

நான் சொல்லவருவது அந்தத் தடங்களில் ஒன்றைப் பற்றி. ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கு சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரெண்டு கிண்ணங்கள், அவற்றுக்குள் வட்டமாகக் குண்டுகள். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் ஹெட்செட் என்று பெயர் (காதில் மாட்டுவது இல்லை). கடையில் கேட்டால் 'ஹெட் கப்பு, கோன்' என்பார்கள்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் இன்னமும் சில பழைய இங்கிலாந்து சைக்கிள்கள் இருக்கின்றன. சேலை ஊர் என்றுதான் இளம்பிள்ளையைத் தெரியும். கைத்தறி, அப்புறம் விசைத்தறி, தெருவுக்குத் தெரு சேலைக் கடை. நெசவு ஊருக்கு சைக்கிள் என்பது வண்டி மாடு மாதிரி. நூல் கட்டு, பாவு, நெய்து முடித்த சேலை மூட்டை எல்லாம் கேரியரிலும் ஹேண்டிலிலும்தான் போய்வந்தன. பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகும், ஹேண்டிலிலும் மூட்டையைத் தொங்கவிட்டால் கணக்கு மாறும். இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது ஹெட்செட்.

ஹெட்செட் சாகும் விதம் மற்ற பேரிங்குகள் மாதிரி இல்லை. சக்கரத்து அச்சில் குண்டுகள் முழு வட்டம் ஓடும், தேய்மானம் சமமாகப் பரவும். ஹெட்செட்டோ சில டிகிரிக்கு மேல் திரும்புவதேயில்லை. நேராகப் போகும்போது பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்த அடியைக் குண்டுகள் வருஷக்கணக்கில் தடத்தின் அதே புள்ளிகளில் இறக்குகின்றன. கொஞ்ச நாளில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குழி. அப்புறம் ஹேண்டில் நேரான நிலைக்கு வரும்போது 'டக்'கென்று உட்காரும், திருப்பினால் முரண்டு பிடிக்கும். ஹெட்செட் லூசாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். அதிகமாக இறுக்கியிருந்தால் சைக்கிள் தன்னைத்தானே நேர்செய்துகொள்ள முடியாமல் ஓட்டுகிறவரை அலைக்கழிக்கும். ரெண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடம்தான் சரியான இடம். அந்த இடத்தைப் பிடிப்பதற்குத்தான் தனிக் கருவிகள் வேண்டும்.

ஏன் தனிக் கருவி? போர்க்கின் தண்டு ஒரு குழாய். அதன் மேல்முனையில் மரை வெட்டியிருக்கும். மேல் தடமே ஒரு நட்டு மாதிரி அந்த மரையில் இறங்கிக் குண்டுகளை அழுத்தும். அதன்மேல் நாக்குள்ள ஒரு வாஷர், பல சைக்கிள்களில் விளக்கு மாட்டும் தகடு, எல்லாவற்றுக்கும் மேலே லாக் நட்டு. லாக் நட்டை இறுக்கும்போது உராய்வு கீழேயுள்ள தடத்தையும் கூடவே இழுத்துச் சுற்றிவிடும், பிடித்த இடம் போச்சு. ஆகவே ஒரு கருவியால் தடத்தை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும். தடம் மெல்லியது என்பதால் சாதாரண ஸ்பானர் அதன்மேல் உட்காராது. சில தயாரிப்புகளில் தடத்தின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும், அதற்குக் கொக்கி ஸ்பானர். சிலவற்றில் சின்னத் துளைகள், அதற்கு முள் வைத்த ஸ்பானர். சிலவற்றில் பட்டைகள், அதற்கு காகிதம் மாதிரி மெல்லிய அகலமான ஸ்பானர். ஒரு தயாரிப்பின் கருவி இன்னொன்றுக்கு ஆகாது.

கருவி ஒருபக்கம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய சிக்கல் மரையில் இருக்கிறது.

ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்கு ஒரு பொதுக் கணக்கை முன்வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. விட்வொர்த் கணக்கில் ஓர் அங்குல விட்டமுள்ள போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 8 மரை, ஒவ்வொன்றின் ஆழமும் சுமார் 2 மில்லிமீட்டர். நீராவி எஞ்சினுக்கு அது பொருந்தும். சைக்கிள் போர்க்கின் தண்டும் வெளிவிட்டம் ஓர் அங்குலம்தான், ஆனால் அது உள்ளே வெற்றுக் குழாய். ஹேண்டிலின் தண்டு இறங்குவதற்கு உள்ளே 22.2 மில்லிமீட்டர் இடம் விட்டால் குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர். விட்வொர்த் மரையை அதில் வெட்டினால் சுவர் முழுசாகவே போய்விடும். அதனால் சைக்கிள்காரர்கள் பொடி மரைக்குப் போனார்கள். இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர் கழகம் வகுத்த பொடி மரைக் கணக்கைத் தொழில் பொதுவாக ஏற்றுக்கொண்டது. அதன்படி ஹெட்செட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை. பர்மிங்ஹாம் பக்கத்துத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றினார்கள். இன்றைக்கும் மரை வைத்த ஓர் அங்குல ஹெட்செட்டின் சர்வதேச அளவு அதுதான்.

ஒருவர் மட்டும் தனி வழி போனார். நாட்டிங்ஹாமில் ராலே தெருவில் இருந்த சின்னப் பட்டறையை 1880களின் இறுதியில் ஃபிராங்க் பவுடன் வாங்கி, உலகத்தின் மிகப்பெரிய சைக்கிள் தொழிற்சாலைகளில் ஒன்றாக ஆக்கினார். நாம் 'ரேலி' என்று சொல்கிற ராலே. அவர்கள் ஹெட்செட்டுக்கு 24க்குப் பதிலாக 26 மரை வெட்டினார்கள். மிதிக்கட்டை அச்சுக்கும் அப்படித்தான், ஊரெல்லாம் 24, ராலே 26. 1932இல் ஹம்பர் சைக்கிளையும் 1943இல் ரட்ஜையும் ராலே எடுத்துக்கொண்டபோது அந்தப் பெயர்களிலும் நாட்டிங்ஹாம் மரை வந்தது. எனக்கு இது மென்பொருளில் தினமும் பார்க்கிற விஷயம்தான். ஒரு பெரிய நிறுவனம் தன் உள்வசதிக்கு வைத்துக்கொண்ட அளவு, வெளியே இருப்பவனுக்குப் பூட்டாக மாறிவிடும். சதி எதுவும் தேவையில்லை, ஆள் பெரிசாக இருந்தால் போதும்.

24க்கும் 26க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 24 மரையில் ஒரு சுற்றுக்கு 1.058 மில்லிமீட்டர் இறங்கும், 26 மரையில் 0.977. சுற்றுக்கு 0.08 பிசகு. முதல் சுற்று சுகமாகப் போகும், ரெண்டாவதும் போகும், அப்புறம் இறுகும். கிரீஸ் இல்லாமல் துருவேறிய நட்டும் அப்படித்தான் இறுகும் என்பதால் கைக்குச் சந்தேகம் வராது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஆறு சுற்றில் அரை மரை தவறி, இரும்பு இரும்பைத் தின்றிருக்கும். போர்க்கு முடிந்தது.

இந்த சைக்கிள்கள் இந்தியாவுக்கு வந்தபோது கருவிகள் கூட வரவில்லை. பெட்டியில் வந்ததெல்லாம் தட்டையான பல துளை ஸ்பானர் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான். ஹெட்செட் வேலை டீலரிடம் நடக்கும் என்பது நாட்டிங்ஹாமின் எண்ணம். டீலர் சென்னையிலோ சேலத்திலோ இருந்திருப்பார், சைக்கிளோ மரவள்ளிக் காட்டையும் பனைமரங்களையும் தாண்டி இளம்பிள்ளைக்குப் போய்விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1949இல் அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, ஹெர்குலிஸ் இங்கேயே தயாரானது. வங்காளத்தில் அசன்சோலில் சென்-ராலே வந்தது. லூதியானாவில் 1956இல் ஹீரோ. நாட்டு சைக்கிளும் நாட்டு உதிரிபாகமும் மலிவாகக் கிடைத்தன. ஆனால் 1930களிலும் 40களிலும் கப்பலில் வந்த ராலேவுக்கு லாக் நட்டு வேண்டும் என்றால்? 1960இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் இங்கிலாந்து ராலேவையே வாங்கியது. முதலாளி ஒருவரே ஆனார், மரை ஒன்றாகவில்லை.

கருவி வராத ஊருக்கு உளி வந்தது. தடத்தின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நம் ஊர் பழைய சைக்கிள் எதை எடுத்தாலும் ஹெட்செட்டில் அந்தக் கொத்துகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அவை கல்வெட்டு மாதிரி. இளம்பிள்ளையில் ஒரு வீட்டு நடையில் சாத்தியிருந்த ராலேவைப் பார்த்தேன். மிதிச்சக்கரத் தட்டில் நாரைத் தலைகள் வெட்டியிருக்கும், அதை வைத்துத் தூரத்திலேயே ராலே என்று கண்டுபிடித்துவிடலாம். மேல் தடத்தில் ரெண்டு தலைமுறைக் கொத்துகள். ஒரு வகை ஆழமாக, சரிவாக, இறுக்கும் திசையில் மட்டும். இன்னொரு வகை பொடிப்பொடியாக, ரெண்டு திசையிலும். முதல் ஆளுக்குக் கை பலம், ரெண்டாவது ஆளுக்குப் பொறுமை.

அந்த ஊரில் வேலையை விட்டுவிட்ட ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஏனுங்கய்யா, லாக் நட்டை இறுக்கறப்ப கீழ இருக்கறதும் சேர்ந்து சுத்துமே, ரெண்டையும் எப்படிப் புடிப்பீங்க?"

"எதுக்குங் தம்பி புடிக்கணும்? அது எவ்வளவு சுத்தும்னு தெரியுமில்ல. அவ்வளவு முன்னாடியே லூசா உட்ருவோம்."

இதுதான் விஷயம். கருவி செய்ய வேண்டியதை முன்னறிவு செய்கிறது. எந்த நட்டு எவ்வளவு இழுக்கும் என்பது கிரீஸைப் பொறுத்தது, வாஷரின் நாக்கு தேய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது, மரையின் தளர்வைப் பொறுத்தது. அவர் அதை முதல் அரைச்சுற்றிலேயே கையால் படித்துவிடுகிறார். குழி விழுந்த தடத்துக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ராலேவில் கிண்ணத்துக்கு 5/32 அங்குலக் குண்டு 25 வாக்கில் போகும். எண்ணிக்கையில் ஒன்று ரெண்டைக் குறைத்தோ, கிண்ணத்தைக் கழற்றிக் கொஞ்சம் திருப்பி அடித்தோ, குண்டுகளைப் பழைய குழிகளுக்கு நடுவே உட்காரவைத்துவிடுவார். இன்னும் சில வருஷம் ஓடும்.

ஆனால் இதை 'நாட்டு மூளை' என்று தூக்கி வைத்துக் கொண்டாடும் கட்டுரைகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உளி ஒவ்வொரு தட்டிலும் தடத்தில் கொஞ்சம் தின்கிறது. வெட்டுகள் மழுங்கிய பிறகு சரியான கொக்கி ஸ்பானரைக் கொண்டுவந்தாலும் அது பிடிக்காது. 26இல் 24 நட்டை ஏற்றிய கைகளும் இதே கைகள்தான். அறிவு இருந்தது, அளவு சொல்லித்தர யாரும் இல்லை. மரைமானி என்ற சீப்பு மாதிரியான தகடு சில ரூபாய்ச் சாமான், பல்லை மரையில் வைத்தால் 24ஆ 26ஆ என்று உடனே தெரிந்துவிடும். அது ஒரு கடையில்கூட இல்லாமல் போனதற்கு மெக்கானிக் காரணமில்லை. அங்கே பழுது பார்ப்பவர் ஒருவர் இருப்பார் என்றே தயாரித்தவர் நினைக்கவில்லை.

உலகம் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் வேறு. 1990களில் டயா-காம்பே நிறுவனம் மரையே இல்லாத ஹெட்செட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேலே ஒரு போல்ட்டைத் திருகினால் தளர்வு போகும், பக்கவாட்டில் ரெண்டு போல்ட்டை இறுக்கினால் பூட்டிக்கொள்ளும், எல்லாமே ஆலன் சாவி வேலை. இன்றைக்கு விலை உயர்ந்த சைக்கிள்கள் எல்லாம் அப்படித்தான். மரை, கொக்கி ஸ்பானர், 24ஆ 26ஆ எல்லாம் பழைய சைக்கிள்களோடு நின்றுவிட்டன.

அவற்றுக்கு இளம்பிள்ளையிலேயே ஒரு வழி இருக்கிறது, அது சைக்கிள் கடையில் இல்லை. விசைத்தறி ஊர்களில் தறிச் சாமான் கடையும் லேத் பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அங்குலக் கணக்கில் ஓடும் பழைய லேத்தாக இருந்தால் 26 மரை வெட்டலாம், ஆனால் ஒரு நிபந்தனை. 26 என்பது 2 தடவை 13. பல்சக்கரங்களை மாற்றி மாட்டி மரை வெட்டும் லேத்தில், 13இன் மடங்காகப் பல் உள்ள சக்கரம் ஒன்று தேவை. 24க்கு அந்தத் தொல்லை இல்லை. ஐந்து ஐந்தாகக் கூடும் செட்டில் 65 பல் சக்கரம் ஒன்று இருக்கும், அது 13இன் மடங்கு. நான் போன பட்டறைக்காரர் சக்கரங்கள் கிடந்த பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, கிரீஸ் காய்ந்து கறுத்துப்போன அந்த 65ஐ எடுத்தார். "இதை மாட்டி வருஷக்கணக்காச்சுங். தறிக்கு இந்த மரை வராது. எத்தனை நட்டு வேணும்?"

ஒன்று போதும் என்றேன்.

"ஒண்ணுக்கு செட்டிங் மாத்தறதுக்கு அஞ்சா போட்டுக்கங்க தம்பி. ஊர்ல வேற வண்டி இல்லாமயா இருக்கும்?"

அஞ்சு போட்டோம். கொக்கி ஸ்பானருக்கு ஒரு பட்டாவை வளைத்து, நுனியை அந்த மழுங்கிய வெட்டுக்கு ஏற்றபடி கிரைண்டரில் தேய்த்துக் கொடுத்தார். முதல் நட்டு அந்த வீட்டு ராலேவில் ஏறிவிட்டது, மீதி நாலு அவருடைய மேசை டிராயரில் கிடக்கிறது.