பைன் காட்டின் இரண்டு வாசல்கள்



நாம் இன்று நினைவுகூரும் தோழர், 'பொது' என்ற சொல்லை எங்கே கண்டாலும் "யாருக்குப் பொது?" என்று கேட்பார். பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு என்று பெயர் பெற்றவை நமக்குப் பொதுவாக இருந்ததில்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். அதே கேள்வியை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருக்கும் பைன் காட்டிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். தண்ணீருக்கும் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் நடந்த போராட்டங்களை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மரநிழலில் உட்காரவும் ஏரியில் நீந்தவும் நடந்த போராட்டத்தை அவ்வளவாகப் பேசியதில்லை.

முதலில் காட்டைப் பார்ப்போம். வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை, நீண்ட ஊசியிலைகள் கொண்ட லாங்லீஃப் பைன் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் நின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் மெல்லிய தீதான் இந்தக் காட்டுக்கு உயிர். தீ வந்தால்தான் புதர் குறையும், புல் தழைக்கும், பைன் கன்று மேலே வரும். அங்கே வாழும் கோஃபர் ஆமை தோண்டும் வளைகளில் பாம்பு, தவளை, பூச்சி என்று முந்நூறுக்கும் மேற்பட்ட வகை உயிர்கள் ஒதுங்குகின்றன. சிவப்புக் கொண்டை மரங்கொத்தி என்றொரு சிறு பறவையும் உண்டு. உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தில்தான் அது பொந்து குடையும். ஒரு பொந்து முடியப் பல ஆண்டுகள்கூட ஆகும். பொந்தைச் சுற்றி மரத்தைக் கொத்திப் பிசினை வழியவிட்டு, பாம்பு ஏறாமல் தன் குஞ்சுகளைக் காக்கும்.

அந்தப் பிசின் மனிதர்களின் கைக்குப் போனபோது கதை மாறியது. மரக்கப்பல்களுக்குத் தாரும் டர்பன்டைனும் தேவைப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றில் பெரும்பகுதி வட கரோலினாவின் பைன் காடுகளிலிருந்து போனது. மரத்தின் அடியில் குழி வெட்டியவர்களும், பட்டையைச் சீவியவர்களும், பிசினை அள்ளிப் பீப்பாயில் நிறைத்தவர்களும் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கடனுக்காக உழைக்க வைப்பதையும் 1867இல் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும் டர்பன்டைன் முகாம்களில் முதலாளியின் கடையில் வாங்கிய அரிசிக்கும் துணிக்கும் கணக்கு எழுதி, கடன் தீரும்வரை போகக்கூடாது என்று பிடித்து வைத்தார்கள். சிறைக்கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தும் வேலை வாங்கினார்கள். நம் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காட்டின் ஒவ்வொரு மரத்தையும் தொட்டறிந்த கைகள் இவர்களுடையவை.

1930களில் அரசு வெட்டித் தீர்ந்த காடுகளையும் வளமிழந்த வயல்களையும் வாங்கி, மரம் வளர்த்துப் பூங்காக்கள் அமைத்தது. வேலையற்ற இளைஞர்களுக்காக 1933இல் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற வேலைப்படை இதில் பெரும்பங்கு ஆற்றியது. நிறத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அதன் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் 1935இல் அதன் இயக்குநர் முகாம்களை நிறவாரியாகப் பிரிக்க உத்தரவிட்டார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞர்கள் அந்தப் படையில் உழைத்தார்கள். தெற்கில் எழுந்த பூங்காக்களில் பெரும்பாலானவை வெள்ளையருக்கே திறந்திருந்தன.

வட கரோலினாவில் கறுப்பின மக்களுக்கென்று முதல் மாநிலப் பூங்கா 1939இல் ஜோன்ஸ் ஏரியில் திறக்கப்பட்டது. ராலே நகரருகே கிராப்ட்ரீ கிரீக் என்ற ஒரே காட்டை 1950இல் இரண்டாகப் பிரித்து, ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான பகுதியை 'ரீடி கிரீக்' என்ற பெயரில் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கினார்கள். மற்றப் பகுதிக்கு 1955இல் ஆளுநர் வில்லியம் அம்ஸ்டெட்டின் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு தமக்குப் பெரும் ஏமாற்றம் என்று சொன்னவர் அவர். 1966இல் இரு பகுதிகளும் அவர் பெயரிலேயே ஒன்றாயின. இன்றும் அந்தப் பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். காரில் வருபவர் ஒரு வாசலில் நுழைந்து உள்ளேயே மறு பகுதிக்குப் போக முடியாது. சட்டம் போய்விட்டது. சாலை அப்படியே இருக்கிறது.

தென் கரோலினாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே பூங்காக்கள் மாநில வனத்துறை ஆணையத்தின் கையில் இருந்தன. 1960, 1961 ஆண்டுகளில் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் வெள்ளையருக்கான பூங்காக்களுக்குள் நுழைய முயன்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜே. ஆர்தர் பிரவுனும் தோழர்களும் ஆணையத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1963 ஜூலையில் அவர்கள் வென்றார்கள். செப்டம்பரில் மாநில அரசு எல்லாப் பூங்காக்களையும் மூடியது. சேர்ந்து உட்காருவதைவிட, தாங்களும் உட்காராமல் இருப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். 1964இல் திறந்தபோதும் நீச்சலுக்கும் தங்கும் குடில்களுக்கும் அனுமதியில்லை. முழுமையாகத் திறக்க 1966 ஆனது.

இதைப் படிக்கும்போது மகாட் நினைவுக்கு வராமல் இருக்காது. பொதுக்குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். சாதி இந்துக்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். குளத்தைத் திறந்துவிட்ட தன் தீர்மானத்தையே நகராட்சி அதே ஆண்டு திரும்பப் பெற்றது. உயர்நீதிமன்றத்தில் வெல்ல 1937 ஆனது. 1946இல் பாபாசாகேப் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைத்தான் குறிப்பிட்டார்.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. அதனால் அந்த உரிமையை மறுப்பவரும் வெளியே நியாயம் பேசத் தயங்குவார். ஓய்வு அப்படியில்லை. "இதற்கும் ஒரு போராட்டமா?" என்று நம்மவர்களே கேட்பார்கள். உழைக்க மட்டுமே பிறந்தவர்கள் என்று ஒரு மக்களைப் பார்க்கும் கண்தான் அவர்களின் ஓய்வைக் கண்டு எரிச்சலடைகிறது. பிசின் எடுக்க அதே காட்டுக்குள் போனபோது யாரும் வாசலில் நிறுத்தவில்லை. நிழலில் உட்கார வந்தபோதுதான் நிறுத்தினார்கள்.

சிவப்புக் கொண்டை மரங்கொத்தியை 1970இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்தார்கள். முதிர்ந்த மரங்களைக் காத்து, அளவாகத் தீயிட்டு, செயற்கைப் பொந்துகள் பொருத்தி உழைத்ததில் அது மீண்டு வருகிறது. 2024இல் அந்தப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கினார்கள். தென் கரோலினாவில் வளர்ந்த கறுப்பினப் பறவையியலாளர் ட்ரூ லேன்ஹாம், காட்டில் தொலைநோக்கியோடு நிற்கும் கறுப்பு மனிதர் இன்றும் சந்தேகத்துக்கு ஆளாவதைத் தொடர்ந்து எழுதிவருகிறார். பறவைக்கு அரை நூற்றாண்டு உழைத்த நாட்டில், பறவை பார்க்கும் மனிதருக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் 'பொது' என்று பலகை வைத்த பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் போங்கள். யார் கூட்டிப் பெருக்குகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதை எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் நீங்களும் அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஜெய்பீம்.