வினைவழிக் காய்ச்சி வடித்தல்

வேதிவினையையும், அதில் உண்டாகும் பொருள்களைப் பிரிப்பதையும் ஒரே கோபுரத்தில் ஒருசேர நடத்தும் முறை வினைவழிக் காய்ச்சி வடித்தல் எனப்படும். வழக்கமான ஆலையில் வினை உலையில் நடக்கும். பிரிப்பு அதன்பின் வரும் கோபுரங்களில் நடக்கும்.

சமநிலையில் நின்றுவிடும் வினைகளுக்கே இம்முறை பெரிதும் உதவுகிறது. அசிட்டிக் அமிலமும் மெத்தனாலும் வினைபுரிந்து மெத்தில் அசிட்டேட்டையும் நீரையும் தருகின்றன. சம மோல் அளவில் கலந்தால், ஏறத்தாழ 70 விழுக்காடு மாறியதும் வினை மேலே போகாது. விளைபொருளை உடனுக்குடன் அகற்றினால், லீ சாட்லியர் தத்துவப்படி வினை முன்னோக்கியே செல்லும்.

பிரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெத்தில் அசிட்டேட் 57 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ஆனால் அது மெத்தனாலுடனும் நீருடனும் கொதிநிலை மாறாக் கலவைகளை உண்டாக்குவதால், வெறும் காய்ச்சலுக்கு அவை பிரிவதில்லை. பழைய ஆலைகளுக்கு ஓர் உலையோடு எட்டொன்பது கோபுரங்கள் தேவைப்பட்டது இதனால்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்போர்ட்டிலுள்ள ஈஸ்ட்மன் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இவ்வளவையும் ஒரே கோபுரத்துக்குள் கொண்டுவந்தது.

அதன் நுட்பம், எதை எங்கே விடுவது என்பதில் இருக்கிறது. 118 பாகையில் கொதிக்கும் அசிட்டிக் அமிலம் மேற்பகுதியிலும், எளிதில் ஆவியாகும் மெத்தனால் கீழ்ப்பகுதியிலும் செலுத்தப்படுகின்றன. அமிலம் இறங்க, மெத்தனால் ஆவியாகி ஏற, நடுத்தட்டுகளில் கந்தக அமிலம் வினையூக்கியாக இருக்க, இரண்டும் வினைபுரிகின்றன. இறங்கும் அசிட்டிக் அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது: ஏறிவரும் ஆவியிலுள்ள நீரைப் பற்றிக்கொண்டு கலவையை முறிக்கிறது. பிரிப்பதற்கென வேறு கரைப்பான் வேண்டியதில்லை. உச்சியில் தூய மெத்தில் அசிட்டேட்டும் அடியில் நீரும் கிடைக்கின்றன. முதலீடும் ஆற்றல் செலவும் பழைய முறையில் ஆனதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன எனப்படுகிறது. இத்துறையில் இன்றும் முதலில் காட்டப்படும் சான்று இதுவே.

கருத்து பழையது, எஸ்டர் தயாரிப்புக்கான காப்புரிமங்கள் 1920களிலேயே உண்டு. பரவாததற்குக் காரணம் இருக்கிறது. வினைக்கு ஏற்ற வெப்பமும் அழுத்தமும் பிரிப்புக்கும் ஏற்றவையாக அமைய வேண்டும். எல்லா வினைகளிலும் அது வாய்ப்பதில்லை. மெதுவான வினையென்றால் தட்டுகளில் நீர்மம் நெடுநேரம் தங்க வேண்டும், கோபுரமும் பருத்துவிடும். வினையும் பிரிப்பும் பின்னிக் கிடப்பதால் கோபுரத்தைக் கட்டுப்படுத்துவதும் எளிதன்று.

திண்ம வினையூக்கியைக் கோபுரத்துக்குள் நிறுத்துவது தனிக் கலை. ஐசோபியூட்டீனையும் மெத்தனாலையும் சேர்த்து, எம்.டி.பி.இ. என்னும் பெட்ரோல் சேர்க்கைப் பொருளைத் தயாரிக்கும் கோபுரங்களில், அயனிப் பரிமாற்றப் பிசின் மணிகளைக் கண்ணாடியிழைத் துணிப் பைகளில் தைத்து, கம்பிவலையோடு சுருட்டி அடுக்கினார்கள். வினையில் வெளிப்படும் வெப்பமே கொதிக்கவைக்கவும் உதவியது. 1981இல் ஹூஸ்டனில் தொடங்கிய இம்முறை விரைவாகப் பரவியது. தயாரிப்பு சிக்கனமானதுதான், ஆனால் கசிந்த எம்.டி.பி.இ. நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2004ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவில் அதைப் பெட்ரோலில் சேர்க்கத் தடை நடைமுறைக்கு வந்தது.