காஞ்சித் தூதும் சீனப் பேரரசர் சுவான்சோங்கும்

கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த பல்லவ வேந்தன் இராசசிம்மனைக் கலைக்காவலனாகவும் சிவபத்தனாகவுமே காஞ்சி வட்டாரம் நினைவில் கொண்டுள்ளது. காவாந்தண்டலம் முதலிய சுற்றூர்களிலிருந்து அக்கோயிலைக் காணச் செல்வோர் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள அவனுடைய விருதுப்பெயர்களைக் கண்டு வியப்பர். அவ்வரிசையில் சேராத பட்டம் ஒன்றும் அவனுக்கு உண்டு. அது சீனத்திலிருந்து வந்தது.

கி.பி. 720இல் தென்னிந்திய மன்னன் ஸ்ரீ நரசிங்க போதவர்மனின் தூதர், தாங் மரபின் பேரரசர் சுவான்சோங்கின் அவைக்கு வந்ததாகச் சீன அரச வரலாறு கூறுகிறது. இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மனே இவன் என்பது அறிஞர் துணிபு. பேசும் ஐந்நிறக் கிளி ஒன்று கையுறையாகச் சென்றது. கிளியினும் வியப்பளிப்பது பல்லவனின் வேண்டுகோள். அராபியரையும் திபெத்தியரையும் தன் போர் யானைகளோடும் படையோடும் சென்று தாக்க விரும்புவதாகவும், அப்படைக்குப் பேரரசரே பெயர் சூட்டவேண்டும் என்றும் அவன் கேட்டிருந்தான். சுவான்சோங் மகிழ்ந்து, 'நற்பண்பைப் போற்றும் படை' எனப் பொருள்படும் பெயரை அளித்தார். சீனத்தின் பொருட்டுப் பல்லவன் எழுப்பிய கோயிலுக்கும் பெயர் வேண்டப்பட்டது. 'குய்ஹுவா' என்ற பெயர் வந்தது. நாகரிகத்தின்பால் வந்து சேர்தல் என்பது அதன் கருத்து. காஞ்சி நட்பென்று நீட்டிய கையைச் சீன அவை பணிவென்று எழுதிக்கொண்டது. அவ்வாண்டிலேயே 'தென்னிந்திய மன்னன்' என்ற பட்டமும் தூதர்வழி அனுப்பப்பட்டது. ஏற்கெனவே தன் நாட்டை ஆண்டுகொண்டிருந்தவனுக்கு அந்நாட்டையே வழங்கிய பட்டம்!

பெயர் வாங்கிய படை பெயரோடு நின்றது. ஆயினும் பல்லவன் சுட்டிய பகைவர் பொய்யான பகைவர் அல்லர். 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் தாங் படையை அராபியர் முறியடித்தனர். 763இல் திபெத்தியர் தலைநகர் சாங்ஆனுக்குள்ளேயே புகுந்து கொள்ளையிட்டனர். அதற்கு முன்பே காஞ்சியும் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தனிடம் வீழ்ந்திருந்தது. அவனோ நகரை அழிக்காமல், கைலாசநாதர் கோயிலின் பொருளை அக்கோயிலுக்கே திருப்பி அளித்து, அச்செய்தியைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துச் சென்றான்.

சுவான்சோங்கை வீழ்த்தியவர் அயலார் அல்லர். 712இல் அரியணை ஏறியபோது அவர் யாவ் சோங், சோங் ஜிங் போன்ற அமைச்சரின் கடுஞ்சொல்லுக்கும் செவிகொடுத்தார். இசையில் தாமே வல்லவராதலின், 'பேரித் தோட்டம்' என்னும் பயிற்சிக்கூடம் அமைத்துக் கலைஞரை வளர்த்தார். சீன நாடகக் கலைஞர் தம்மைப் 'பேரித் தோட்டத்து மாணாக்கர்' என்று சொல்லிக்கொள்வது அதனால்தான். காலம் செல்லச் செல்ல அரசுப்பணி சலித்தது. எல்லைப் படைகள் நிலையான தளபதியர் கையில் விடப்பட்டன. அவர்களுள் ஆன் லூஷான் ஒருவனிடமே மூன்று எல்லைப் பகுதிகள் சேர்ந்தன. 755இல் அவன் கிளர்ந்தான். மறு ஆண்டு பேரரசர் தப்பியோடும் வழியில், மாவெய் என்னுமிடத்தில், காவற்படையினரே அவருடைய காதலி யாங் குவெய்ஃபெய்யின் உயிரைக் கேட்டனர். அவர் கொடுத்தார். பின் அரசும் மகன் கைக்குச் சென்றது. 755இல் ஏறத்தாழ 5.29 கோடியாகப் பதிவாகியிருந்த மக்கள்தொகை, 764இல் 1.69 கோடியாகக் குறைந்தது. இறந்தோர் பலர் என்பது உண்மை. எனினும் இச்சரிவு முழுவதையும் சாவாகக் கொள்ளல் தவறு. குடிக்கணக்கெடுக்கும் ஆட்சியே குலைந்தது என்பதே இதன் முதற்பொருள்.

பேரரசர் விட்டுச்சென்றவற்றுள் நின்று நிலைத்தது கவிதை. அதுவும் அவர் போற்றியதனால் மட்டும் பிறந்ததன்று. 742இல் அவைக்கு அழைக்கப்பட்ட லி பாய் 744இல் வெளியேறினார். து ஃபு பெரும்பதவி எதுவும் பெறாமல், கிளர்ச்சியாளர் பிடித்த தலைநகரில் அகப்பட்டு, அழிவைக் கண்டு பாடினார். 806இல் பாய் ஜூயி, பேரரசரும் யாங் குவெய்ஃபெய்யும் பிரிந்த துயரை நெடும்பாட்டாக்கினார். இரு நூற்றாண்டு கழித்து ஜப்பானில் முராசாகி அம்மையார் எழுதிய 'கென்ஜியின் கதை'யின் முதல் அதிகாரத்தில், காதலியை இழந்த மன்னன் ஒருவன் அப்பாட்டின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கிறான்.