காணிக்காரரின் பங்கு

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில், பகைவர் துரத்திவந்த திருவிதாங்கூர் ராஜகுமாரன் மார்த்தாண்டவர்மனைத் தன் பொந்துக்குள் மறைத்ததென்று போற்றப்படும் அம்மச்சிப் பிலாவைத் தரிசித்துத் திரும்பும் யாத்திரிகர்களில், அதே மார்த்தாண்டவர்மனைக் காட்டுக்குள் ஒளித்துக் காத்தவர்கள் தங்கள் முன்னோர்களே என்று சொல்லிவரும் காணிக்காரரை விசாரிப்பவர் அபூர்வம்.

நெய்யாறு பிறக்கும் பொதிகைச் சாரலில், அம்பூரிக்கு மேலேயும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் பேச்சிப்பாறைக் காடுகளிலும் வாழும் இவர்கள், தமிழும் மலையாளமும் விரவிய பேச்சும், மூட்டுக்காணி என்னும் தலைவனும், பிளாத்தி என்னும் மந்திர வைத்தியனும் உடையவர்கள். காணி என்றால் பரம்பரை நிலவுரிமை என்பது தமிழறிந்தவர்க்குத் தெரியும். அவ்வுரிமையையே பெயராகத் தாங்கிய ஜனங்கள், ஓணத்துக்கு முன் தேனும் மூங்கில் பண்டங்களும் சுமந்து திருவனந்தபுரத்து அரண்மனைக்குப் போய் வெகுமதி பெற்று மீள்வதே வெளியுலகத்தோடு அவர்களுக்கிருந்த பெரிய கொடுக்கல் வாங்கல். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்தபோது, மலை ஒன்றாகவே நிற்க, மக்கள் இரண்டு ராஜ்யத்துப் பிரஜைகளாயினர்.

1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் அகஸ்தியர் மலையேறினார்கள். மூச்சிரைக்க ஏறிய பண்டிதர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயை இடையிடையே மென்றபடி களைப்பின்றி நடப்பதைக் கண்டு அதன் மர்மத்தைக் கேட்க, வெளியாருக்குச் சொல்லத் தகாததென்று முதலில் தயங்கி, பிறகு அவர்கள் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதன் இலையோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் சமைத்து, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழாண்டு உரிமம் அளித்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் வேறு. இரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு என்று நிலையம் தானாகவே தீர்மானித்தது. பூர்வகுடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுக்க வேண்டுமென்று ரியோ நகரில் தேசங்கள் உடன்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், இந்தியாவில் அதற்கென ஒரு சட்டமும் இல்லை. அது 2002-இல்தான் வந்தது. பணத்தைப் பெற்றுக்கொள்ள 1997-இல் காணி சமுதாய க்ஷேம டிரஸ்டு பதிவாகி, 1999-இல் 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கைக்கு வந்தது.

உலகம் இதை முன்மாதிரி என்று கொண்டாடிற்று, கொண்டாடியதில் நியாயமுண்டு. ஆனால் மலையில் நடந்தது வேறு. குடும்பங்கள் செடியை வளர்த்து இலை விற்க முன்வந்தபோது, காட்டுச் செடி அழிந்துபோகுமென்று வனத்துறை தடுத்தது. அந்தப் பயமும் பொய்யல்ல. மலைச்சாரலைவிட்டு வெளியே வளர்த்த செடியிலோ அந்தக் குணம் அப்படியே அமையவில்லை. ஆக, மருந்துக்கு இலை தட்டுப்பாடாயிற்று. இலை தட்டுப்பாடானதால் பங்கும் சிறுத்தது. பங்குப் பணத்தைத் தர்மம்போல் எண்ணிக் கொடுத்தவர்கள், சொந்தக் கொல்லையில் நட்ட செடியின் இலையைக் காணிக்காரன் பகிரங்கமாக விற்கும் உரிமையை முதலில் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.